சொல் விளக்கம்: டிரெசர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்டப் பட்டணங்களில் வயது முதிர்ந்த தமிழர்களின் பேச்சில் துரை (தோட்ட நிர்வாகி), கிராணி (எழுத்தர்), கங்காணி (ஆள்களை மேற்பார்ப்பவர்) என்னும் பதவிப் பெயர்களோடு ‘டிரெசர்’ என்பதும் தவறாமல் வரும். தோட்ட ஆஸ்பத்திரியைப் பொறுப்பேற்று நடத்தியவர், காயத்துக்குக் கட்டுப் போட்டவர், மலேரியாவுக்கான கொய்னாவும் தண்ணீர் மருந்தும் கொடுத்தவர், இன்னார் இன்று பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போக இயலாது என்று எழுதிக் கொடுத்தவர் ஆகிய அனைவரும் அந்த ஒருவரே. பட்டம் பெற்ற மருத்துவர் எப்போதாவது வந்து பார்த்துச் செல்பவராகவே இருந்ததால், தோட்ட மக்களுக்கு மருத்துவம் என்றால் டிரெசர் ஐயாதான். தமிழ்நாட்டில் ‘கம்பவுண்டர்’ என்ற சொல் மருந்து கலப்பவரைக் குறித்து வழங்கியது. நம் டிரெசரின் பொறுப்போ அதைவிடப் பன்மடங்கு பெரியது.

இச்சொல்லின் மூலம் ஆங்கிலத்தின் ‘டிரெஸ்’ என்னும் வினை. ஆடை உடுத்துதல் என்பதே இன்று முதலில் தோன்றும் பொருள் என்றாலும், நேராக்குதல், ஒழுங்குபடுத்துதல் என்பவையே அதன் பழைய பொருள்கள். ‘நேரான’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. புண்ணைத் துடைத்து மருந்திட்டுக் கட்டுவதும் ஒழுங்குபடுத்துதல்தானே. அவ்வழியில் அறுவை மருத்துவருக்குத் துணையாக நின்று கட்டுப் போடும் பயிற்சியாளர் இங்கிலாந்து மருத்துவமனைகளில் டிரெசர் எனப்பட்டார். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1816இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் இப்பணியைச் செய்தவர். அங்கே மருத்துவரின் அருகில் நின்றவரைக் குறித்த பெயர், காலனி ஆட்சியோடு கப்பலேறி இங்கு வந்தபோது, மருத்துவர் இல்லாத இடத்தில் தனித்து நின்றவரைக் குறிக்கலாயிற்று. இந்தப் பொருள் மாற்றத்துக்குள் மலாயாவின் சுகாதார வரலாறு அடங்கியிருக்கிறது.

1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவால் உடனே முடங்கியது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் அங்கும் கிள்ளான் நகரிலும் சதுப்பு நீரை வடியவைத்து நோயைக் கட்டுப்படுத்தினார். காட்டை அழித்து ரப்பர் நட்ட தோட்டங்களிலும் இதே நோய் தமிழ்த் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அதன் பின் வந்த தொழிலாளர் சட்டங்கள் மருத்துவ வசதி செய்துதரும் கடமையைத் தோட்ட முதலாளிமேல் சுமத்தின. கடமை முதலாளியுடையது என்பதால், டிரெசரும் முதலாளியிடம் சம்பளம் வாங்கும் ஊழியரானார். நோயாளியின் நலமும் தோட்டத்தின் ஆள்கணக்கும் மோதும்போது அவர் நின்ற இடம் எவ்வளவு இக்கட்டானது என்பதை இச்சொல்லை விளக்குபவர் மறந்துவிடக்கூடாது.

அரசின் பொதுச் சுகாதாரக் கொள்கை கிராமப்புறத்தை நோக்கித் திரும்பியது 1950களில். 1953இல் கெடா மாநிலத்தின் ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சி நிலையம் அமைந்தது. பின்னர் 50,000 பேருக்கு ஒரு முதன்மை நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என்ற மூன்றடுக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களுக்கு அது பெரும் நன்மை செய்தது. தோட்டமோ தனியார் நிலம். அங்குள்ளவர்களின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பாகவே தொடர்ந்தது. சட்டமும் இப்பிரிவைக் காட்டுகிறது: தோட்ட மருத்துவமனை உதவியாளர்களின் பதிவுக்கு 1965இல் ஒரு சட்டமும், மருத்துவ உதவியாளர்களின் பதிவுக்கு 1977இல் வேறொரு சட்டமும் இயற்றப்பட்டன. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவ வசதியை முதலாளியின் கடமைகளுள் வைத்தது. ஒரே நாட்டின் குடிமக்களுக்கு, வசிக்கும் நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து மருத்துவம் வேறுபட்டது நியாயமன்று என்பதே என் கருத்து.

இனித் தமிழ் நிகர்ச்சொல். ‘புண்கட்டுநர்’ என்று வேர்ப்பொருளைப் பெயர்த்தால் பணியின் பெரும்பகுதி விடுபட்டுவிடும். ‘உதவி மருத்துவர்’ என்பதும் பிழை. அது பட்டம் பெற்ற இளநிலை மருத்துவரைக் குறித்துவிடும். குறளில் இதற்கு ஓர் அரிய சொல் உண்டு:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக வள்ளுவர் வைப்பது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தை முறைப்படி கொடுப்பவனே உழைச்செல்வான். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாகவே இப்பணி எண்ணப்பட்டிருப்பது டிரெசர்களுக்கு உரிய மதிப்பைச் சொல்கிறது. ஆயினும் இன்றைய வழக்கில் அச்சொல் உடனே விளங்காது. வேலை என்ற பொருளில் வரும் உழைப்போடு சேர்த்து மயங்கவும் இடமுண்டு.

ஆகவே பொதுவான விளக்கத்துக்கு ‘மருத்துவ உதவியாளர்’ என்பதையும், தோட்டப் பணியைத் தனித்துக் குறிக்க ‘தோட்ட மருத்துவமனை உதவியாளர்’ என்பதையும் பரிந்துரைப்பேன். பட்டணத்து அரசு கிளினிக்கில் இன்று நம்மை முதலில் பரிசோதிப்பவர் பெரும்பாலும் இவ்வழி வந்தவரே. மலாயில் ‘பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்’ எனப்படும் அவரை ‘உதவி மருத்துவ அதிகாரி’ என்று எழுதுவது பொருந்தும். தோட்ட வரலாற்றையும் பெரியவர்களின் நினைவுகளையும் பதிவு செய்யும்போது மட்டும் ‘டிரெசர்’ என்பதை மாற்றாமல் வைத்து, முதல் முறை வரும் இடத்தில் மேற்கண்ட விளக்கத்தைத் தருவதே முறை.