போத்தலில் தெளியும் கல்தூள்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கரடியனாறு தாண்டிப் புல்லுமலைப் பக்கம் போகிறவர்கள் அங்கங்கே தலைநீட்டும் பாறைகளைப் பார்த்திருப்பார்கள். கறுப்பும் வெளிர்நிறமும் வரிவரியாக ஓடும் கருங்கல் அது. இலங்கையின் கிழக்கில் பரந்து கிடக்கும் இந்தப் பாறைகளுக்குப் புவிச்சரிதவியலில் விஜயன் தொகுதி என்று பெயர். வயது சுமார் 100 கோடி ஆண்டு. இப்படிப்பட்ட கல்லை உடைத்துத்தான் கொங்கிரீட்டுக்குச் சல்லி எடுக்கிறோம். உடைக்கும் இடத்தில் சல்லிக் குவியல் நாளுக்கு நாள் கரையும். டிப்பர் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு குவியல் மழையில் நனைந்து, வெயிலில் இறுகி, வளர்ந்துகொண்டே இருக்கும். நம் மேசன்மார் அதை ‘டஸ்ட்’ என்பார்கள்.

தூள் வேண்டும் என்று யாரும் கல்லை உடைப்பதில்லை. தாடைபோல அசையும் இரண்டு உருக்குத் தகடுகளுக்கு நடுவே பாறாங்கல் விழுந்து நெரிபடுகிறது. நொறுங்கியது அடுத்த இயந்திரத்தில் மறுபடி நெரிபடுகிறது. ஒவ்வொரு பிளவிலும் கொஞ்சம் பொடி உதிரும். முக்கால் அங்குலச் சல்லிக்கு இறங்குவதற்குள் கல்லில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 5 மில்லிமீற்றருக்கும் கீழே போய்விடுவது வழக்கம். சேர்மானம் ஒன்றும் இல்லை. மலை எதுவோ தூளும் அதுவே. மணலுக்குப் பதிலாகப் போடக்கூடிய அந்தத் தூள் குவிந்து கிடக்கையில்தான் முந்தனையாற்றில் மணலுக்காக ஆற்றைத் தோண்டுகிறோம். அளவு மீறித் தோண்டினால் ஆற்றின் அடி தாழும், கரை சரியும், பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும். கழிமுகப் பக்கமானால் உப்புத்தண்ணீரும் உள்ளே ஏறும்.

இருந்தும் மேசன்மார் ஆற்று மணலைத்தான் கேட்கிறார்கள். எங்கள் மதில் வேலைக்கு வந்த மேசன் மாமா டஸ்ட்டை ஒரு கை அள்ளி நெரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது தண்ணி கூடக் கேட்கும் மனே. கேட்கக் கேட்க ஊத்தினா மறுகா கல்லு விரலுக்கே உதிரும்.”

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள கனசதுரக் கல்லுக்கு வெளிமேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு மில்லிமீற்றர்த் துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு, மேற்பரப்பு 60. இன்னும் பத்தில் ஒன்றாக வெட்டினால் 10 இலட்சம் துண்டு, மேற்பரப்பு 600. அதே கல், அதே நிறை. நனைக்க வேண்டிய பரப்பு மட்டும் நூறு மடங்கு. சீமெந்து இறுகுவதற்கு அதன் நிறையில் கால்வாசித் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றுவது கலவையைக் குழைப்பதற்கு. அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு ஜாம் போத்தல், ஒன்றில் ஆற்று மணல், மற்றதில் டஸ்ட், மூன்றில் இரண்டு பங்குக்குத் தண்ணீர். மூடிக் குலுக்கி மேசையில் வைத்தேன். ஆற்று மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்தது, மேலே தண்ணீர் இலேசாகக் கலங்கியிருந்தது. டஸ்ட் போத்தல் பால்தேநீர் போல இருந்தது. துணிக்கையின் விட்டம் பாதியானால் அது தண்ணீரில் அமிழும் நேரம் நாலு மடங்காகும். 1851இல் ஸ்டோக்ஸ் கண்ட விதி இது. பத்து சென்ரிமீற்றர்த் தண்ணீரை 0.075 மில்லிமீற்றர்த் துணிக்கை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். 0.01 மில்லிமீற்றருக்குக் கால் மணித்தியாலம் வேண்டும். களி அளவான 0.002க்கு ஆறு ஏழு மணித்தியாலம்.

மெல்லிய தூள் எல்லாமே கெடுதல் என்று நினைக்கவும் கூடாது. சாக்கில் தேங்காயை நிரப்பினால் இடைவெளி இருக்கும். அதற்குள் கச்சான் போகும், கச்சானுக்கு நடுவே அரிசி போகும். கலவைக்குள் நுண்தூள் அரிசியின் வேலையைச் செய்கிறது. ஆற்று மணலில் வரும் நுண்தூளில் களி கலந்திருக்கும்; களி ஊறிப் பருக்கும், மணலில் ஒட்டிக்கொண்டு சீமெந்தைப் பிடிக்க விடாது. உடைத்த கல்லின் தூளோ மாவாகிப்போன வெறும் கல். அதனால்தான் பிரித்தானிய நியமம் பிஎஸ் 882, 0.075 மில்லிமீற்றருக்குக் கீழான தூளை இயற்கை மணலில் 4 சதவீதம் வரையும், உடைத்த கல் மணலில் 16 சதவீதம் வரையும் அனுமதித்தது.

வடிவம் இன்னொரு தொல்லை. ஆறு மணலை உருட்டி உருட்டி மூலையை மழுக்கியிருக்கிறது. டஸ்ட் துணிக்கைக்கு மூலை கூர், கலவை சாந்தகப்பைக்கு இழுபடாது. இதோடு நம் கருங்கல்லில் கறுப்பாக மினுங்கும் மைக்கா வேறு. தாள்தாளாகப் பிரியும் கனிமம் அது. தண்ணீரைத் தன் தாள்களுக்குள் பிடித்துவைக்கும். இறுகிய பின் அந்த இடத்திலேயே பிளவு தொடங்கும்.

மூன்றுக்கும் வழி இருக்கிறது. கழுவும் ஆலை நம் போத்தலின் பெரிய வடிவம்: கீழிருந்து எழும் தண்ணீர் மெல்லியதைத் தூக்கிக்கொண்டு வழியும், கனமானது அடியில் தங்கும். தண்ணீர் தட்டான இடத்தில் காற்று. களவெட்டியில் பொலி தூற்றியவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை; நெல் காலடியில், பதர் தூரத்தில். மைக்காத் தாளும் பதர்போலத்தான் மிதந்து விலகும். கூர் மூலைக்கு வேறோர் இயந்திரம். சுழலும் தட்டில் இருந்து கல்லை மணிக்கு 200 கிலோமீற்றர் அளவு வேகத்தில் வீசி, ஏற்கெனவே படிந்திருக்கும் கல் மீதே மோதவிடுகிறது. ஆறு காலகாலமாகச் செய்ததை அது நொடியில் செய்கிறது. ஆற்றின் நேர்த்தி அதற்கு வராது, கொங்கிரீட்டுக்குப் போதும்.

சல்லி உடைக்கும் இடத்தோடு முடிகிற கதையுமல்ல இது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25இல் இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். இரும்பை எடுத்த பின் மிஞ்சும் அத்தகைய சேற்றில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மணலின் அதே கனிமம். அதைப் பிரித்துக் கட்டட மணலாக்கும் வேலை இப்போது அந்த நாட்டிலேயே நடக்கிறது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி தொன் மணலும் பரலும் தின்கிறது என்று ஐநா சுற்றாடல் அமைப்பு 2022இல் கணக்கிட்டது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குவியலில் கிடக்கும்போது தூள் சாது. காற்றில் எழுந்தால் அப்படியல்ல. மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிலும் சிறிய குவார்ட்ஸ் துணிக்கை நுரையீரலின் அடிவரை போகும், வெளியே வராது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து இல்லை. கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதைப் புழுதித் தொல்லைக்கான வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். அது நுரையீரலுக்கான காவலும்தான்.

எங்கள் வளவில் மேசன் மாமா ஒரு மூடை டஸ்ட்டைப் பீப்பாயில் போட்டு மூன்று தண்ணீர் கழுவினார். வழிந்த சாம்பல் தண்ணீர் தென்னையடிக்குப் போனது, மேலே மைக்கா மினுங்கிக்கொண்டு. மிஞ்சியதை ஆற்று மணலோடு பாதிக்குப் பாதி கலந்து மதிலுக்குக் கல் வைத்தார். பூச்சுக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அதற்கென்று நல்ல மணலில் இரண்டு மூடை அரித்து, படங்கால் மூடி வைத்திருக்கிறார்.