ஓட்டையே இல்லாத கயாக்கிற்குள் தண்ணீர் எப்படி வருகிறது?

சிங்கப்பூரில் வசிக்கும் வாசகர் ஒருவர், விடுமுறை நாள்களில் கயாக் என்னும், துடுப்பால் செலுத்தும் சிறு படகில் போய்த் தூண்டில் போடும் பழக்கமுள்ளவர், இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்: "என் கயாக் பாலிஎத்திலீனால் ஆனது. கவிழ்த்துப் போட்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டேன். அடிப்பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் கரைக்குத் திரும்பும்போதெல்லாம் உள்ளே மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் கிடக்கிறது. இது ராசியில்லாத படகு, விற்றுவிடு என்கிறார் நண்பர். தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?"

படகுக்கு ராசி என்று ஒன்று கிடையாது. படகுக்குள் இருப்பது காற்று. இந்தக் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. கசிவு என்றதும் நாம் ஓட்டையைத் தேடுகிறோம். ஆனால் ஓட்டை ஒரு வழி மட்டுமே. அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே அனுப்புவது அழுத்த வேறுபாடு. அந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், கசிவைத் தடுக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

மீன்பிடிக் கயாக்குகளில் மிகப் பரவலாக இருப்பவை, மேல்தளத்தின் மீது உட்கார்ந்து செலுத்தும் வகையைச் சேர்ந்தவை. பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் கொட்டி, அச்சைச் சூளையில் மெதுவாகச் சுழற்றி, தூள் உருகி உட்சுவரெங்கும் சீராகப் படியும்படி செய்து இவற்றை வார்க்கிறார்கள். மேல்தளமும் அடிப்பகுதியும் தனித்தனியாகச் செய்து ஒட்டப்படுவதில்லை என்பதால், படகின் உடலில் மூட்டு என்பதே கிடையாது. வார்த்து எடுத்தபோது அது முழுதும் மூடிய ஒரு கூடு. பிறகு அதில் நாம்தான் வாய்களைத் திறக்கிறோம்: பொருள் வைக்க ஹேட்ச் என்னும் மூடியுள்ள வாய், தண்ணீரை வடிக்க டிரெய்ன் பிளக் என்னும் அடைப்பான் உள்ள துளை, தூண்டில் தாங்கிக்கு ஸ்குரூ, மீன் காட்டும் கருவிக்கு ஒயர் செல்லும் துளை.

முதலில் ஓர் எளிய கணக்கு. நீர்மட்டத்திற்கு 10 சென்டிமீட்டர் கீழே 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே ஹேட்ச் திறந்திருந்தால், அந்த ஓட்டை வழியாக மணிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். அதே ஓட்டை, ஆனால் ஹேட்ச் காற்றுப் புகாதபடி இறுக மூடியிருக்கிறது என்றால் என்ன ஆகும்? தண்ணீர் உள்ளே வர வேண்டுமானால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும், அல்லது சுருங்கிக்கொள்ள வேண்டும். வெளியேற வழியில்லாத காற்று சுருங்கும்; சுருங்கச் சுருங்க அதன் அழுத்தம் கூடும்; அது வெளியே உள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமானதும் வரத்து நின்றுவிடும். வாளித் தண்ணீரில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கும்போது அதற்குள் நீர் கொஞ்சம்தான் ஏறுவதற்கும் காரணம் இதுவே. 10 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு. எனவே உள்ளே 300 லிட்டர் காற்று இருந்தால் அது ஒரு விழுக்காடு சுருங்கும். உள்ளே வரும் தண்ணீர் 3 லிட்டரோடு நிற்கும். அடியில் ஓட்டை இருந்தும் படகை மிதக்க வைப்பது மேலே உள்ள மூடி! கசிவைத் தடுக்க நினைப்பவர் அடிப்பகுதிக்குக் கொடுக்கும் அதே கவனத்தை மூடிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இனி, அடியில் ஓட்டையே இல்லாத படகுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காரின் கூரையில் கட்டிக் கொண்டுவரப்பட்ட கயாக், கரையில் இறக்கி வைத்த பிறகும் வெயிலில் கிடக்கிறது. உள்ளிருக்கும் காற்று 50 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கலாம். நாம் ஹேட்சையும் பிளக்கையும் இறுக மூடிவிட்டு, 30 டிகிரியில் இருக்கும் கடலில் படகைத் தள்ளுகிறோம். அடிப்பகுதி நனைந்ததும் உள்ளிருக்கும் காற்று குளிரத் தொடங்குகிறது. வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 50 டிகிரி என்பது 323 கெல்வின். 30 டிகிரி என்பது 303 கெல்வின். காற்று முழுதும் அந்த அளவுக்குக் குளிர்ந்தால் அழுத்தம் ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த எண்ணை நீரின் உயரமாக மாற்றினால் 60 சென்டிமீட்டருக்கும் மேல் வருகிறது. படகு நீரில் அமிழ்ந்திருப்பதோ 10, 15 சென்டிமீட்டர். அதாவது, கடல் தன் எடையால் உள்ளே தள்ளும் விசையைவிட, படகுக்குள் குளிரும் காற்று உறிஞ்சும் விசை பல மடங்கு பெரியது.

பாலிஎத்திலீன் வளைந்து கொடுக்கும் பொருள் என்பதால் படகின் பக்கச் சுவர்கள் சற்று உள்வாங்கி இந்த உறிஞ்சலின் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது, மூடியின் விளிம்பில் நீர் புகாதபடி அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டின் ஓரம், பிளக்கின் மரை, ரிவெட்டின் விளிம்பு என்று எங்கெல்லாம் மயிரிழை இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை செய்யும். 300 லிட்டர் கொள்ளளவில் இந்த ஆறு விழுக்காட்டை ஈடுசெய்ய வேண்டுமானால் சுமார் 18 லிட்டர் ஏதாவது ஒன்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த இடைவெளிக்கு முன்னால் காற்று இருந்தால் காற்று வரும். அலை தெறித்துத் தண்ணீர் தேங்கியிருந்தால் தண்ணீர் வரும். பெரும்பாலும் இரண்டும் கலந்து வருகின்றன. வாசகர் சொன்ன மூன்று நான்கு லிட்டர் கணக்கு இங்கேயே நேராகிவிடுகிறது.

சிங்கப்பூரின் பிற்பகல் மழையை இதோடு சேர்த்துப் பாருங்கள். உச்சி வெயிலில் மேல்தளம் காய்ந்து உள்காற்றும் சூடாகியிருக்கும் நேரத்தில் திடீரென்று மழை கொட்டுகிறது. தளம் சட்டென்று குளிர்கிறது. உள்ளே அழுத்தம் இறங்குகிறது. ஹேட்ச் விளிம்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் நிரம்பி நிற்பதும் சரியாக அதே கணத்தில்தான். உறிஞ்சும் விசையும் உறிஞ்சப்பட வேண்டிய நீரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடிவிடுகின்றன. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது, இவ்வளவு சாதாரணமான ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வாயு விதி இத்தனை கச்சிதமாக இயங்குகிறதே என்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இதற்கான தடுப்பு பைசா செலவில்லாதது. படகை ஏற்றி இறக்கும்போதும் கரையில் வைத்திருக்கும்போதும் ஹேட்ச் திறந்திருக்கட்டும். கடலில் இறக்குவதற்கு முன் இரண்டு மூன்று வாளித் தண்ணீரைப் படகின் மீது ஊற்றிக் குளிரவைத்து, உள்ளிருக்கும் சூடான காற்று மாறிய பிறகு மூடுங்கள். மூடுவதற்கு முன் கேஸ்கெட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு மணல் துகள் அதன் இருபுறமும் நீர் புகுவதற்கு வழி விட்டுவிடும். நிரந்தரமான தீர்வு வேண்டுவோர், அலை எட்டாத உயரத்தில் சிறிய காற்றுப்போக்கி ஒன்றைப் பொருத்தலாம். நீரை வெறுக்கும் டெஃப்லான் வகைச் சவ்வு பொருத்திய போக்கிகள் இருக்கின்றன. அந்தச் சவ்வின் துளைகள் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும்போது, நீரின் பரப்பு இழுவிசையே கதவாக நின்றுவிடும். பல மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருந்தால்தான் அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வர முடியும், காற்றோ தடையின்றிப் போய்வரும்.

இதில் என் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். மூடிய காற்றறை உள்ள எந்தச் சிறு படகுக்கும், நம் கடற்கரையின் ஃபைபர் படகுகள் உட்பட, இதே இயற்பியல் பொருந்தும். ஒரு படகின் உள்ளே வெப்பமானியும் அழுத்தமானியும் வைத்து ஒரு நாள் முழுவதும் அளந்து பார்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. பெரிய கப்பல்களுக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு துளியாவது, அன்றாடம் உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போகிறவர்களின் சிறு படகுகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள்கூட எடுத்துச் செய்யக்கூடிய வேலை இது.

உண்மையான ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் அதே வெயிலைப் பயன்படுத்தலாம். காலையில், படகு குளிர்ந்திருக்கும்போது எல்லா மூடிகளையும் இறுக்கிவிட்டு வெயிலில் வையுங்கள். உள்காற்று சூடாகி அழுத்தம் ஏறியதும், சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் சந்தேகமுள்ள இடங்களில் தடவிக்கொண்டே வாருங்கள். மயிரிழை விரிசல் இருக்கும் இடத்தில் மணி மணியாக நுரை கட்டி, துடைக்கத் துடைக்க அதே புள்ளியிலிருந்து மீண்டும் எழும். அந்த இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொண்டு, சோதனை முடிந்த உடனே மூடிகளைத் திறந்துவிடுங்கள். கம்பிரசர் வைத்துக் காற்றடிப்பது வேண்டாம். வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கூடுதலாக ஏற்றினாலும், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது அது ஒரு டன் எடைக்குச் சமமான விசையாக அமையும்; கயாக் அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று.

நுரை எழும் இடங்கள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட இடங்களாகவே இருக்கும். தளத்தில் விழும் நீர் கீழே வடிவதற்காக மேலிருந்து அடிவரை செல்லும் ஸ்கப்பர் குழாய்களின் அடி விளிம்பு முதலாவது. வார்ப்பில் அந்த மூலைகளில் பிளாஸ்டிக் மெலிந்து அமைவதுண்டு. போதாக்குறைக்கு, அந்தத் துளைகளில் கம்பிகளைச் செருகித் தூக்கும் வகைத் தள்ளுவண்டிகளில் ஏற்றினால் படகின் முழு எடையும் அந்த மெல்லிய சுவரின் மீதே குவிகிறது. பட்டையால் அடிப்பகுதியைத் தாங்கும் வண்டி பாதுகாப்பானது. அடுத்தது, சிமெண்ட் சரிவில் இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்பகுதியின் அடி விளிம்பு.

விரிசலைக் கண்டதும் எப்பாக்ஸியைப் பூசுபவர்கள் ஏமாந்துபோவார்கள். பாலிஎத்திலீன் வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிகளால் ஆன, மின்முனைவு இல்லாத பொருள். அதன் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு என்பதால் பசை அதன் மீது பரவிப் பிடிக்காமல் திரண்டு நிற்கும், காய்ந்த பிறகு தகடாகப் பெயர்ந்து வரும். அதே பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பதே முறை. முதலில் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, கூர்முனையில் குவியும் தகைவைப் பரவச் செய்து, விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். பிறகு பாலிஎத்திலீன் குச்சியையும் படகின் பரப்பையும் சூடான காற்றால் ஒருசேர உருக்கி வெல்ட் செய்ய வேண்டும். குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீனால் வார்த்த படகுகளில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதால் அவை உருகாது, இந்த முறையும் பலிக்காது. ஆகவே படகு எந்த வகை என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

நாமே துளையிட்டுப் பொருத்தும் கருவிகள்தான் மிகப் பெரிய தலைவலி. 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பாலிஎத்திலீன் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதன் மீது ஸ்குரூ போட்டு இறுக்கிய எஃகுத் தகடு அதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். இந்த இழுபறி தினமும் நடக்கும்போது, காய்ந்து இறுகிவிடும் பூச்சுகள் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும் பியூட்டைல் ரப்பர் நாடாவைத் துளையைச் சுற்றி வைத்து, உட்புறம் அகலமான வாஷர் கொடுத்து இறுக்கினால், அது ஒட்டிக்கொள்வதைவிடப் பிதுங்கி அடைப்பதால் பலன் நீடிக்கும். துளையிடாமலே முடியுமா என்று முதலில் யோசிப்பது அதைவிட மேல். கயாக்கை உருவாக்கிய ஆர்க்டிக் மக்களின் பெண்கள் கடல்நாய்த் தோலைத் தைத்தபோது, ஊசி தோலின் பாதித் தடிமன் வரை மட்டுமே சென்று திரும்பும்படி தைத்தார்கள். அதனால் தோலின் மறுபுறம் வரை ஊடுருவும் துளை ஒன்றுகூட உண்டாகவில்லை. விலங்கின் நரம்பிழையால் ஆன அந்த நூல் நனைந்ததும் உப்பி, இருந்த இடைவெளியையும் அடைத்துக்கொண்டது.

உள்ளே வரும் தண்ணீரை அலட்சியம் செய்யக்கூடாது. 20 லிட்டர் நீர் 20 கிலோ எடைதானே என்று தோன்றலாம். ஆனால் படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அது ஓடிச் சேர்ந்து சாய்வை மேலும் கூட்டுகிறது. ஆகவே மூடிய துளைகள் கொண்ட நுரைக் கட்டைகளைப் படகுக்குள் இயன்ற அளவு அடைத்து வையுங்கள். காற்றின் இடத்தை நுரை பிடித்துக்கொள்வதால், குளிரும்போது உறிஞ்சப்படும் அளவும் அதற்கேற்பக் குறையும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைக்காதீர்கள். வீடு திரும்பியதும் பிளக்கைக் கழற்றி உள்நீரை வடித்து, கேஸ்கெட்டை நல்ல தண்ணீரில் கழுவி, ஹேட்ச் பட்டைகளைத் தளர்த்தி வையுங்கள். வாரக்கணக்கில் அமுங்கியே கிடக்கும் ரப்பர், தேவைப்படும் நாளில் மீண்டும் உப்பி எழாது.