"என்னத்தைக் கண்டன்" என்று சொல்லும் அப்பாவிடம் எதைக் கேட்பது?

கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடு வீடாகப் போய் வரும் உளவளத்துணையாளர் நான். பதினேழு வருடமாக இதுதான் வேலை. நான் பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் டொரொண்டோவில், லண்டனில், சிட்னியில். இங்கே ஐந்தாம் மாடியில் ஒரு அம்மாவோ அப்பாவோ, சம்பளத்துக்குக் கூட இருந்து பார்க்கிற ஒரு பிள்ளை, ஒரு டிவி, காலி வீதி இரைச்சல். வெளிநாட்டிலிருந்து எடுக்கிற மகனோ மகளோ என்னிடம் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "ஒரு குறையும் விடேல்லை மிஸ், ஆனா அப்பா எந்த நேரமும் சலிச்சுக்கொண்டே இருக்கிறார். இருக்கிறதை நினைச்சுச் சந்தோசப்படச் சொல்லுங்கோ."

அதைத்தான் நான் சொல்வதில்லை. ஏன் என்று எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

ஒரு காலத்தில் சொன்னேன். வேலைக்கு வந்து இரண்டாம் வருடம், கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா, மகனைப் பறிகொடுத்தவர். அவருக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லக்கூடிய மூன்று விடயங்களை எழுதச் சொன்னேன். அடுத்த கிழமை போனால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இண்டைக்கும் விடிஞ்சிட்டுது." கொப்பியை என் மடியில் வைத்துவிட்டு, "பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ" என்று எழும்பிப் போய்விட்டார். நான் படித்த முறையில் பிழை இல்லை. 2003இல் ரொபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கலா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நல்லபடியாக உணர்ந்தார்கள் என்று வந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குழுவில் இருந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். இருபது வயதுப் பிள்ளைகளிடம் பார்த்ததை, மகனைப் புதைத்த தாயின் கையில் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தது நான் செய்த பிழை. அழுகையைக் கேட்க ஆளில்லாத வீட்டில் நன்றியை மட்டும் கேட்டால் அது வாயை அடைப்பதற்குச் சமம்.

அதற்குப் பிறகுதான் ரொபர்ட் பட்லர் எழுதியதை ஒழுங்காக வாசித்தேன். அவர் அமெரிக்க மனநல மருத்துவர். வயதானவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்வதன் அறிகுறியாக மருத்துவர்களே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1963இல், அது இயல்பானது, முடிவு கிட்ட வருவதை உணரும் மனம் தன் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்துக் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறது என்று எழுதியவர். அதே கட்டுரையில் அவர் எச்சரித்த ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: திரும்பிப் பார்ப்பது சிலரை நிம்மதிக்குக் கொண்டுபோகும், சிலரைக் குற்ற உணர்விலும் மனச்சோர்விலும் தள்ளிவிடும். கூட யார் இருக்கிறார், எப்படிக் கேட்கிறார் என்பது அதனால்தான் முக்கியம்.

சரி, ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடமும் மகனிடமும் கேட்டுத்தான், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

எழுபத்தொன்பது வயது. அரசாங்கக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து வலது கை விளங்காது. முதியோரின் மனச்சோர்வை அறிய நாங்கள் பாவிக்கிற 15 கேள்விப் படிவத்தில் முதல் கேள்வியே வாழ்க்கையில் பொதுவாகத் திருப்தியா என்பதுதான். "இல்லை" என்றார், யோசிக்காமல். "என்னத்தைக் கண்டன்? பைல் பாத்தன். 83 கலவரத்தில கப்பலேறி ஊருக்குப் போனன். திரும்பி வந்து பைல் பாத்தன்." அவ்வளவுதான், எழுபத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது.

நான் திருப்திப்படுத்தப் போகவில்லை. 1966இல் யாழ்தேவியில் றங்குப் பெட்டியோடு கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கியவர் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு இரவு எங்கை சாப்பிட்டனீங்கள் ஐயா?" என்று கேட்டேன். சமறியில் என்றார். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்: ஊரிலிருந்து வேலைக்கு வந்த கலியாணம் கட்டாத பெடியள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரையும் வைத்துக்கொண்டு இருப்பதுதான் சமறி. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அப்போது எத்தனையோ சமறிகள் இருந்தன.

சமைத்தவர் மலையகத்துப் பெடியன். அவரைப் பற்றி முதல் நாள் ஒரு வரிதான் வந்தது, "அவன் புட்டு நல்லா அவிப்பான்" என்று. இரண்டாம் முறை போனபோது வேறொன்று வந்தது. வந்த வருடமே இவருக்கு அம்மாள் வருத்தம் கண்டு, மற்றப் பெடியள் எல்லாரும் தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சமையற்காரப் பெடியன் போகவில்லை. வாசலில் வேப்பிலை கட்டி, கஞ்சி வைத்து, காய்ச்சல் கூடின இரவுகளில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்து, வேப்பங்குழையால் விசிறிக்கொண்டு இருந்திருக்கிறார். "தனக்குத் தொத்தினா என்ன செய்யிறது எண்டு அவர் யோசிக்கேல்லை. நானும் யோசிக்கேல்லை" என்றார் ஐயா. ஒரு கிழமைக்கு முன் "அவன்", இப்போது "அவர்". நான் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் மட்டும் வரவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெடியனுக்கும் கடுதாசி வந்து, தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார். போகும் அன்று ஐயா கந்தோரில் இருந்தாராம். "லீவு எடுத்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு, கன நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை நான் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள், உள்ளேயிருந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டுச் சொன்னார். விடியப்புறம் நாலு மணிக்கு ஞாபகம் வந்ததாம். அதற்குப் பிறகு நித்திரை கொள்ளவில்லை, ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஐம்பது வருடக் கடனாக இருந்த நன்றி அது. கொடுக்க ஆளில்லாமல் வந்து நிற்கிறபோது அதற்குள் துக்கமும் சேர்ந்தே இருக்கும், அதைப் பிரித்தெடுக்க நான் முயல்வதில்லை.

வீட்டில் நீங்களும் இதைச் செய்யலாம். "உங்கட வாழ்க்கையில நல்லது என்ன அப்பா?" என்று பெரிதாகக் கேட்டால் பெரிய மௌனம்தான் வரும். சின்னதாகக் கேளுங்கள். முதற் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினீர்கள், வருத்தம் வந்தபோது யார் பார்த்தது, கொழும்பில் முதல் வீடு எந்த ஒழுங்கையில். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலம்தான் முதுமையில் அதிகமாக நினைவுக்கு வருகிறது என்று நினைவாற்றலை ஆய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள், ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் "இது சொன்னனீங்கள்" என்று வெட்டாதீர்கள், அடுத்த முறை அதே கதையில் இன்னொரு ஆள் வரக்கூடும். ஆனால் காலையில் சாப்பிட்டது மறந்து, பழகின வழியும் தவறுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். போர், கலவரம் என்று கதை திரும்பி, அவர் வியர்த்து நடுங்கினால் தோண்டாதீர்கள்; தண்ணீர் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள், அன்றைக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், "நான் பாரமாய் இருக்கிறன், போய்ச் சேர்ந்தாக் காணும்" என்ற பேச்சு வந்தால் அது வயது பேசுகிற பேச்சு இல்லை. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்தாலும் துணையாலும் தேறக்கூடியது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். நன்றிப் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐயாவைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். கதைகளையெல்லாம் குசினி வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் ஐயா அவரைக் கூப்பிட்டு, தன் கை விளங்காததால் அந்தப் பெயரை ஒரு கொப்பியில் எழுதித் தரச் சொன்னார். அவர் பேனையைத் திறந்துவிட்டு, "முதலெழுத்து என்ன போடணுங்க ஐயா?" என்று கேட்டார்.

ஐயா என்னைப் பார்த்தார். "தேப்பன்ர பேரை நான் கேக்கவேயில்லையே, பிள்ளை."