கம்பனிக்குப் போனபிறகு கம்பஸுக்குத் திரும்புவது

“சேர், முதல்ல கம்பனியில சேர்ந்து கொஞ்சம் உழைச்சிட்டுப் பிறகு பிஎச்டி செய்யலாம்தானே?” ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. தாராளமாகச் செய்யலாம். கணினித்துறையில் இப்படிப் போய்வருவது புதிதல்ல. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளரான யான் லெகுன் 1988இல் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி ஒன்றின் பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார், 2003இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், 2013இல் அந்தப் பதவியை விடாமலே பேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவு ஆய்வைப் பொறுப்பேற்றார். ஆனால் கம்பனியில் இருந்த காலத்திலும் அவர் கட்டுரை வெளியிடுவதை நிறுத்தவில்லை. கையெழுத்தைக் கணினி வாசிப்பது பற்றி 1998இல் வந்த பிரபலமான கட்டுரை அந்தக் காலத்தில் எழுதியதுதான்.

கொழும்பில் அது அவ்வளவு இலகுவில்லை. தெமட்டகொடையிலோ மருதானையிலோ இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும்போது, நீங்கள் எழுதுகிற கோட் கம்பனிக்குச் சொந்தம், பல இடங்களில் அதைப்பற்றி வெளியே பேசவும் முடியாது, அதனால் ஐந்தாறு வருடம் கழித்துப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது. பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கும், அவர்களுடைய ஆய்வைப் பற்றி இரண்டு பந்தி எழுதுமளவுக்கு ஞாபகம் இருக்காது.

அதனால் வெளியேறுகிற வருடத்திலேயே இறுதியாண்டு ஆய்வைக் கட்டுரையாக்கி ஒரு மாநாட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலைக்குப் போனபிறகு கம்பனி அனுமதித்தால் திறந்த மூல மென்பொருளில், அதாவது யாரும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில் பங்களியுங்கள், அங்கே உங்கள் பெயரோடு வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நமக்கு இது புது விடயமும் இல்லை. மாணவர்களைத் திறந்த மூல மென்பொருளில் வேலை செய்யவைக்கும் கூகுளின் திட்டமான கூகுள் சமர் ஒஃப் கோடின் முதல் 10 வருடங்களில் உலகிலேயே அதிக மாணவர்கள் பங்குபற்றியது நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். அப்புறம் லீசிங். ஆய்வு உதவித்தொகையில் கார் லீசிங் கட்ட முடியாது. திரும்பிவர ஆசைப்பட்டும் வரமுடியாமல் நிற்கிறவர்களில் அநேகரை இந்த மாதத் தவணைதான் பிடித்து வைத்திருக்கிறது.

மறுபக்கம், அதாவது கம்பஸில் வேலை செய்கிறவர் அதை விட்டுப் போவது, இதைவிடக் கஷ்டம், அதைப்பற்றி யாரும் பேசுவதும் இல்லை. விரிவுரையாளராகச் சேர்ந்து சம்பளத்தோடு படிப்பு விடுமுறையில் வெளிநாடு போகிறவர் திரும்பிவந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார், பிணைகாரரும் வைக்கிறார். 2022 நெருக்கடிக்குப் பிறகு அப்படிப் போன பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் குறைசொல்ல மாட்டேன், ரூபாய் விழுந்த வேகத்தில் சம்பளத்துக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தை மீறியதற்குக் கட்டவேண்டிய பணத்தை அவர் கட்டாவிட்டால், அதைக் கேட்டுக் கடிதம் வருவது பிணை நின்று இங்கே இருக்கிற மாமாவுக்கும் கூட வேலை செய்தவருக்கும். எத்தனை வருடம் சேவை செய்யவேண்டும், பாதியில் விட்டால் தொகை எப்படிக் கணக்கிடப்படும், தவணையில் கட்டலாமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள், பிணைகாரர் கையெழுத்துப் போடமுன் அவருக்கும் அதை வாசித்துக் காட்டுங்கள்.