மாமாவின் மொரிஸ் மைனருக்குள் ஒரு கிணறு

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருக்கும் மாமா தன் பழைய மொரிஸ் மைனர் காருக்கு ஏசி பூட்டிய கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். பூட்டிய மறுநாளே கல்முனையில் ஒரு கலியாணம். பின்னேரம் மூன்று மணி, கடற்காற்று எழும்பியிருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டு, மாமா பெருமையோடு காரை எடுத்தார். முதல் ஐந்து நிமிடம் முகத்தில் குளிர் அடித்தது. அப்புறம் குளிர் குறைந்தது. பெரியகல்லாறு தாண்டுவதற்குள் முன் சீற்றில் இருந்த மாமி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இஞ்சாருங்க, இது ஏசியா, கிணறா?"

அவருடைய காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஏசி பூட்டிய கராஜில் தண்ணீர் வெளியேறும் குழாயை மாட்ட மறந்துவிட்டார்கள். எல்லோரும் கராஜைத் திட்டினார்கள். எனக்கென்னவோ, அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிய கேள்வியாகப் பட்டது. பழைய காருக்கு ஏசி பூட்டுவதில் உள்ள சிக்கலில் பாதி அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஏசி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஊசி போடுமுன் நேர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அதுதான் அடிப்படை. திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்தில் இருப்பதிடம் பிடுங்கிக்கொள்ளும். காருக்குள் அந்த வேலையைச் செய்வது ஆர்-134ஏ என்ற காஸ். திறந்த வெளியில் அது -26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டின் கீழே இருக்கும் கூலிங் கொயிலுக்குள் அதை ஏறத்தாழ மூன்று வளிமண்டல அமுக்கத்தில் வைத்திருப்பார்கள். அந்த அமுக்கத்தில் அதன் கொதிநிலை ஒரு பாகைக்குக் கிட்ட. ஆகவே 30 பாகைக் காற்று கொயிலைத் தொட்டதும் உள்ளே காஸ் கொதிக்கிறது, காற்று குளிர்கிறது.

பிடுங்கிய வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமே? அதற்குத்தான் கொம்பிரசர். ஆவியை உறிஞ்சி, சுமார் 15 வளிமண்டல அமுக்கத்துக்கு நெரிக்கிறது. அந்த அமுக்கத்தில் காஸ் 55 பாகையிலேயே திரவமாக ஒடுங்கும். 55 பாகையில் இருக்கும் ஒன்றுக்கு நம் ஊர் 33 பாகை வெயில் காற்றுகூடக் குளிர்காற்றுதான். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சரில் வெப்பத்தை உதறிவிட்டுத் திரவமாகி, ஒரு நுண்துளை வால்வு வழியாக மறுபடி கொயிலுக்குள் வருகிறது. இவ்வளவுதான். மற்றதெல்லாம் பெல்ற், குழாய், வயர்.

சரி, தண்ணீர்? காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவி, குளிர்ந்த கொயிலில் பட்டதும் துளியாக ஒடுங்குகிறது. அப்படி ஒடுங்கும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 2.5 கிலோயூல் மறைவெப்பத்தை (ஆவியானபோது வாங்கிய வெப்பத்தை) கொயிலின் தலையில் கட்டிவிட்டுப் போகிறது. புட்டு அவிக்கும் பானையின் ஆவி கையில் பட்டால் சுடுதண்ணீரைவிட மோசமாகச் சுடுவதும் இதனால்தான். உண்மையில் நவீன ஏசி பிறந்ததே ஈரத்துக்காக. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில், ஈரப்பதனால் கடதாசி விரிந்து சுருங்கி வண்ண அச்சு விலகிப்போன ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கரியர் அதை வடிவமைத்தார். ஆட்களுக்குக் குளிரூட்டும் எண்ணம் பிறகு வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் றோட்டு. கடற்காற்று வீசும் பின்னேரத்தில் வெப்பநிலை 31 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கிலோகிராமை 25 பாகைக்கும் 50 வீத ஈரப்பதனுக்கும் கொண்டுவர ஏறக்குறைய 36 கிலோயூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதில் காற்றைக் குளிர்விக்கப் போவது வெறும் 6. மீதி 30ம் தண்ணீரைப் பிழிவதற்கு.

இதோடு கச்சான் வீசும் ஒரு நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். (மாமாங்கத் திருவிழாவில் சுருளில் வாங்கித் தின்னும் கச்சான் கடலை அல்ல, நடு வருடத்தில் மேற்கிலிருந்து நெருப்பாய் வீசும் காற்று.) தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது நெருக்குண்டு சூடாகிக் காய்ந்துபோய் வருகிறது. 37 பாகை, ஈரப்பதன் 35 வீதம் என்று கொள்வோம். அதே கணக்கில் 22 கிலோயூல்தான். குளிர்விக்க 12, ஈரத்துக்கு 10. ஆக, வெளியே நின்றால் உடம்பு எரியும் கச்சானைவிட, இதமாகத் தோன்றும் கடற்காற்று கூலிங் கொயிலுக்கு ஒன்றரை மடங்கு பாரம். நானும் முதலில் நம்பவில்லை. இரண்டு தரம் கணக்குப் போட்டேன். கச்சான் கூரையைச் சுடவைப்பதும் கொண்டென்சரைத் திணறவைப்பதும் வேறு விசயம்.

புதிய கார் இதைச் சமாளித்துவிடும். கதவு இறுக்கம், உள்காற்றையே சுற்றவிடும் வசதி, எல்லாம் உண்டு. மொரிஸ் மைனர் அப்படியல்ல. பெடல்கள் இறங்கும் இடத்தில் ஓட்டை, கதவு ரப்பர் காய்ந்து பிளந்தது, உப்புக்காற்றில் உக்கிய தரையில் விரல் போகும் துளைகள். ஓடும்போது மணிக்கு 100 கனமீற்றர் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று எடுத்தால், கடற்காற்று நாளில் அதிலிருந்து மட்டும் மணிக்கு 1.3 லீற்றர் தண்ணீர் பிழிபடும். அந்தக் காற்றைக் குளிர்வித்துப் பிழியவே ஒரு கிலோவாட்டுக்கு மேல் போய்விடும். சிறிய காரின் கூலிங் கொயில் தரக்கூடியது மூன்று, நாலு கிலோவாட். வெயில் கண்ணாடிக்குள்ளால் கொண்டுவருவதும், எஞ்சின் சுவரின் சூடும், நாலு பேரின் மூச்சும் வியர்வையும் மிச்சத்தில் பங்கு கேட்கும். ஐந்து நிமிடத்தில் குளிர் ஏன் குறைந்தது என்று இப்போது விளங்கும்.

ஆகவே பழைய காருக்கு ஏசி போட நினைப்பவர் முதலில் போக வேண்டியது ஏசிக் கடைக்கல்ல, தகர வேலை செய்யும் இடத்துக்கு என்பது என் கருத்து. துளைகளை ஒட்டி, ரப்பர் மாற்றி, கூரைக்கும் எஞ்சின் சுவருக்கும் வெப்பம் கடத்தாத விரிப்பு ஒட்டினால் பாதி ஏசி போட்டது மாதிரி. பெரிய கொம்பிரசர் வாங்கி ஓட்டைக் காரைக் குளிர்விக்கப் பார்ப்பது, வாளியில் துளையிருக்கத் துலாவைப் பெரிதாக்குகிற வேலை.

பெரிய கொம்பிரசரை இந்த எஞ்சினும் தாங்காது. மாமாவுடையது 948 சீசீ. புதிதில் 37 குதிரைவலு. கொம்பிரசர் ஓடும்போது மூன்று முதல் ஐந்து வரை கேட்கும். றோட்டில் பரவாயில்லை, ஐடிலில் நிற்கும்போது எஞ்சின் இருமி நின்றுவிடும். கொம்பிரசர் பிடிக்கும்போது கார்புரேட்டரைக் கொஞ்சம் திறந்துவிடும் ஒரு சின்னக் கருவி அவசியம். 1939இல் பக்கார்ட் நிறுவனம் அறிவித்த முதல் ஏசிக் கார்களில், கொம்பிரசரை வேண்டும்போது பெல்ற்றோடு இணைத்துப் பிரிக்கும் கிளச்சே கிடையாது. ஏசி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறந்து, பெல்ற்றைக் கழற்ற வேண்டும்!

மின்சாரம் இன்னொரு தலையிடி. காற்றூதி, கொண்டென்சர் விசிறி, கிளச் மூன்றும் சேர்ந்தால் 25 அம்பியர் வரும். அந்தக் கால லூக்காஸ் டைனமோ முழு வேகத்தில் தருவது 22. ஐடிலில் கிட்டத்தட்டப் பூச்சியம். ஆகவே ஆல்டர்னேட்டர் போட்டே ஆக வேண்டும். அதற்கு முன் இன்னொன்று: மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். அதை மாற்றாமல் இன்றைய காரின் விசிறியைப் பூட்டினால் அது பின்பக்கமாகச் சுற்றும். மாமாவின் கொண்டென்சர் விசிறி அன்று அப்படித்தான் சுற்றியது என்று பிறகு கண்டுபிடித்தோம். கல்முனைக் கடைத்தெருவில் கார் ஊர்ந்தபோது ரேடியேட்டர் கொதித்த காரணமும் அதுவே. கொண்டென்சர் கொட்டும் வெப்பமெல்லாம் அதற்குப் பின்னால் நிற்கும் ரேடியேட்டர் மேல்தான் போகிறது. காற்றை முன்னுக்குத் தள்ளும் ஒரு விசிறியும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

காஸ் அடிக்கும்போதும் தண்ணீர்ப் பிரச்சினை நம்மை விடுவதில்லை. குழாய்களுக்குள் மிஞ்சியிருக்கும் ஈரம் நுண்துளை வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். காஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். அதனால்தான் வெற்றிடப் பம்பை அரை மணிக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். அமுக்கம் வளிமண்டலத்தின் 24இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் 30 பாகையிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். "பம்ப் தேவையில்லை, காஸை விட்டே காற்றைத் தள்ளிவிடலாம்" என்று சொல்லும் இடத்திலிருந்து காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மிச்சம் மீதி ஈரத்தைக் குடிக்க டிரையர் என்றொரு குப்பி உண்டு. பாவித்த சாமான்கள் வாங்கினாலும் அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். நாள்கணக்கில் திறந்து கிடந்தது ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்திருக்கும்.

1990களுக்கு முந்திய கொம்பிரசர் கிடைத்தால் அது ஆர்-12 காஸுக்கானதாக இருக்கலாம். ஓசோன் படையை அரிக்கும் அந்தக் காஸை 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை ஒதுக்கிவிட்டது. அதற்குப் போட்ட கனிய எண்ணெய் ஆர்-134ஏ காஸோடு கலக்காது. எண்ணெய் திரும்பி வராமல் கொம்பிரசர் இறுகிவிடும். எண்ணெயையும் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். மலிவு என்று சமையல் காஸ் வகையை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். குளிரும், உண்மைதான். கூலிங் கொயில் கசிந்தால் அது ஆட்கள் இருக்கும் அறைக்குள்தான் கசியும், அது தீப்பிடிக்கும் காஸ்.

மாமாவின் கார் இப்போது சரி. ஓட்டைகள் அடைத்தாயிற்று, ஆல்டர்னேட்டர் வந்தாயிற்று, மறந்த குழாயும் தரைக்குக் கீழே இறங்கிவிட்டது. கல்முனை போய் வந்து முற்றத்தில் நிறுத்தியதும் குழாயின் கீழே ஒரு வெட்டிய போத்தலை வைத்துவிடுவார். அந்தத் தெளிந்த தண்ணீரைப் பற்றரிக்கு ஊற்றப் போனவரை நான்தான் தடுத்தேன். கொயிலின் தூசியும் உலோகமும் கரைந்திருக்கும், அது வடித்த நீர் ஆகாது. கொஞ்சம் மனவருத்தத்தோடு செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றினார்.