சேறு காட்டும் பழைய வடக்கு

காந்த ஊசி ஒன்றை நடுவில் நூல் கட்டிச் சிங்கப்பூரில் தொங்கவிட்டால் அது மட்டமாக நிற்காது. அதன் வடமுனை பத்துப் பதினைந்து டிகிரி மேலே தூக்கிக்கொள்ளும். காந்த நடுக்கோடு, அதாவது ஊசி மட்டமாக நிற்கும் இடங்களின் கோடு, நமக்கு வடக்கே, இந்தியாவின் தென்கோடி வழியாகப் போவதுதான் காரணம். லண்டனில் அதே முனை சுமார் 66 டிகிரி கீழே குத்தி நிற்கும்.

ஊசி காட்டும் திசை நிலையானதும் அல்ல. லண்டனில் 1580இல் அது உண்மையான வடக்கிலிருந்து 11 டிகிரி கிழக்கே விலகியிருந்தது. 1820 வாக்கில் 24 டிகிரி மேற்கே போய்விட்டது. பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு ஓயாமல் புரள்வதால் வரும் வினை இது. சரி, ஊசி வைத்து அளக்க ஆளில்லாத காலத்தை எப்படி அறிவது?

ஏரிச் சேற்றைக் கேட்கலாம். மழைநீர் அடித்துவரும் மண்ணில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் பொடிப்பொடியாக இருக்கும். அமைதியான நீரில் இறங்கும்போது துகள்கள் அன்றைய காந்தப்புலத்தின் பக்கம் திரும்பப் பார்க்கும். எல்லாம் சரியாகத் திரும்பிவிடாது. பல தாறுமாறாகத்தான் கிடக்கும். கோடிக்கணக்கான துகள்களில் மொத்தமாக ஒரு சின்னச் சாய்வு இருந்தாலே போதும். மேலே சேறு ஏற ஏற, நீர் பிழிந்து வெளியேறி, துகள்கள் அப்படியே இறுகிவிடும்.

ஆய்வாளர்கள் குழாயை இறக்கிச் சேற்றைத் தண்டாக எடுத்து, நீளவாக்கில் பிளந்து, சுமார் 2 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாக அழுத்தி மாதிரி எடுப்பார்கள். பெட்டிக்குப் பெட்டி மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட வேண்டும். அதைத் தலைகீழாகப் போட்டால் திசையே தப்பாகிவிடும்! அப்புறம், பின்னாளில் ஒட்டிக்கொண்ட பலவீனமான காந்தத்தை மாறுதிசைப் புலத்தால் அழித்துவிட்டு, மிச்சத்தைக் காந்தமானியில் அளப்பார்கள். சேற்றில் சிக்கிய இலைத் துணுக்கில் உள்ள ரேடியோகார்பன் (காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்) அந்த அடுக்கின் வயதைச் சொல்லும்.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிச் சேற்றில் வடக்கு கிழக்கும் மேற்குமாக மாறி மாறி ஊசலாடியதை ஜான் மெக்கரெத் 1971இல் காட்டினார்.

சேற்றை அப்படியே நம்பிவிடவும் முடியாது. அமுங்கும்போது துகள்கள் படுத்துக்கொள்வதால் சாய்கோணம், அதாவது ஊசி மேலோ கீழோ சாயும் கோணம், குறைந்து தெரியும். நம் வட்டாரத்தில் கோணமே சிறியது என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மேக்னடைட்டே கரைந்துபோவதுதான் பெரிய இழப்பு.

சிங்கப்பூரின் மெக்ரிட்சியில் தோண்டிப் பார்க்கலாமே என்றால், அது 1860களில் கட்டிய நீர்த்தேக்கம். அந்தக் காலத்துக்குக் கருவி அளவுகளே கைவசம் உள்ளன.