வாட்டர் சர்வீஸ்: ஒரு சொல், அதன் தமிழ், ஜீப்பின் அடிப்பாகம்

போடியில் பார்த்தாலும் சரி, மலையேறிப் பூப்பாறை, சூரியநெல்லி என்று கேரளப் பக்கம் போனாலும் சரி, வண்டி கழுவும் இடத்துப் பலகையில் இருப்பது ஒரே பெயர்தான்: வாட்டர் சர்வீஸ். இங்கே தமிழ் எழுத்து, அங்கே மலையாள எழுத்து, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் போய் ‘வாட்டர் சர்வீஸ் எங்கே?’ என்று கேட்டால், வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் இணைப்பு கேட்கிறோம் என்று நினைப்பார். வண்டியை மேடேற்றி, மோட்டார் போட்டு, அடிப்பாகம்வரை தண்ணீர் அடிப்பது என்ற பொருள் நம் ஊர்ப்பக்கம் ஏறியது.

சர்வீஸ் என்ற சொல்லின் அடிவேர் லத்தீன். ‘செர்வுஸ்’ என்றால் அடிமை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஊழியம், பணி என்று விரிந்தது. இயந்திரத்தைப் பராமரிப்பது என்ற பொருள் மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு ஒட்டிக்கொண்டது. உயரழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும் எந்திரமும் ரொம்பப் பழையதல்ல. ஐரோப்பாவில் முதல் வெந்நீர் உயரழுத்தக் கழுவியை ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் செய்தது 1950இல்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘நீர்ச்சேவை’ என்றால் குடிநீர் வாரியம் நினைவுக்கு வரும். கோவைப் பக்கம் சேவை என்றால் பலகாரம். ‘அழுத்தக் கழுவல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அழுத்திக் கழுவு என்றால் கையால் தேய்த்துக் கழுவு என்றல்லவா நமக்குப் படும்? தண்ணீர் மெல்லிய தாரையாக விசையோடு பாய்வதற்குத் தமிழில் பீச்சுதல் என்ற வினை தயாராக இருக்கிறது. பாலைப் பீச்சுகிறோம், பீச்சாங்குழலில் தண்ணீர் பீச்சுகிறோம். (குழந்தைக்கு வயிறு போனாலும் இதே வினைதான், அதனால் சிலருக்குக் கூச்சம். இருக்கட்டும்.) இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால், வைகைப் புனலாட்டைப் பாடும் பரிபாடலில் நீர் பீச்சும் கருவிக்குச் சிவிறி என்றும் நீரெக்கி என்றும் பெயர் வருகிறது. அந்த எக்கியைத்தான் இன்று பம்புக்குக் கலைச்சொல்லாக எழுதுகிறார்கள். ஆகவே எந்திரம் நீரெக்கி, வேலை பீச்சுக் கழுவல். பலகையை மாற்றச் சொல்லவில்லை. எழுதும்போது இப்படி எழுதலாம்.

பீச்சு என்ற சொல் பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. காரின் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம்தான். வீட்டுக்கு வாங்கும் சின்ன நீரெக்கியே 100 பாருக்கு மேல் தள்ளும். அதை எங்கே பீச்சுகிறோம் என்பதுதான் கேள்வி.

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், ஆனால் ஜீப் ஏறுவது இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. மழைக்காலத்தில் அந்தக் கல்பாதையில் போய்த் திரும்பும் ஜீப்பின் அடியில் சேறு அப்பியிருக்கும். அடிச்சட்டத்தின் உட்புறம், இன்ஜின் காப்புத் தகட்டின் மேல்பக்கம், சக்கர வளைவின் மடிப்பு எல்லாம் அதற்குத் தோதான இடங்கள். (சேஸிஸுக்கு அடிச்சட்டம் நல்ல தமிழ். மலையாளத்தில் ஷாசி என்று எழுதுவார்கள். பிரெஞ்சு ஒலிப்புக்கு அதுதான் பக்கம்.) சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் துரு அங்கேதான் தொடங்கும். அதனால் காய்ந்து இறுகுவதற்குள் கழுவ வேண்டும்.

ஆனால் வந்து நின்றதும் அடிக்கக் கூடாது. விவரம் தெரிந்த டிரைவர், “அடியில நல்லா அடிங்கண்ணே, ஹவுசிங் மட்டும் ஆறட்டும்” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போவார். மலையிறங்கி வந்த வண்டியில் ஆக்சில் ஹவுசிங், அதாவது சக்கர அச்சையும் அதன் கியர்களையும் மூடியிருக்கும் இரும்புக் கூடு, சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கியதை ஈடுகட்ட வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் (கூட்டுக்குள் காற்று போய்வரும் சின்னத் துவாரம்) அடைத்திருந்தால் ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஓரமாகத் தண்ணீரே உள்ளே போய்விடும். பிறகு டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கியர் ஆயில் மோர் நிறத்தில் வழியும். அப்புறம் பேரிங், கிரவுன் வீல் என்று செலவுதான். சூடான பிரேக் டிஸ்க்கும் திடீர்க் குளிர்ச்சியில் கோணிப்போகலாம்.

ஆறிய பிறகு முதலில் சாதாரண ஹோஸில் தண்ணீர் விட்டு ஊற வைக்க வேண்டும். பாதிச் சேறு அதிலேயே இறங்கிவிடும். மீதிக்குத்தான் நீரெக்கி. பல எந்திரங்களில் நாசிலின் (தண்ணீர் வெளிவரும் முனை) நிறமே தாரை விரியும் கோணத்தைச் சொல்லும்: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. வண்டிக்கு வெள்ளை போதும், பிடிவாதமான சேற்றுக்குப் பச்சை. சிவப்பைத் தொடவே வேண்டாம். நாசிலுக்கும் வண்டிக்கும் ஓர் அடி இடைவெளி இருக்கட்டும். ஆயில் சீல், பிரீதர், வயர் கனெக்டர், சென்சார், ஆல்டர்னேட்டர், ஆக்சில் ரப்பர் உறை ஆகியவற்றின்மேல் நேராகப் பீச்சக் கூடாது. ரேடியேட்டர் தகடுகளும் மடங்கிவிடும்.

வண்டியைவிடக் கழுவுகிறவர் முக்கியம். கையில் பட்ட தாரை தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். காயம் சின்னது என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கேஸ் அது. கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம். மேடையோ லிஃப்டோ இல்லாத இடத்தில் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையவே கூடாது. ஈரத் தரையில் ஓடும் மோட்டாருக்கு மின்கசிவு தடுப்பான் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கழுவி முடித்ததும் பழைய ஆயிலையோ டீசலையோ அடியில் அடித்துவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பளபளப்பாகத் தெரியும், ஆனால் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஊறி உப்பும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதற்குப் பதில், நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) இருக்கும் இடங்களில் புதிதாகக் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள், பழைய கிரீஸைத் தண்ணீர் தள்ளியிருக்கும். மாட்டுவண்டிக் காலத்திலேயே இதற்கு மசகு என்ற பெயர் இருந்தது. கிளம்பியதும் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்கிவிட்டு இறக்கத்தில் இறங்குங்கள்.